குழந்தை வேண்டி எல்லை கடப்போர்

சோதனைக்குழாய்க் கருத்தரிப்பில், கருமுட்டையை எடுப்பதற்கு முன் போடும் கடைசி ஊசிக்கு ‘டிரிகர்’ என்று பெயர். அதைப் போட்ட 34 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டைகளை எடுத்துவிட வேண்டும். தாமதமானால் நுண்பைகள் தாமே வெடித்து முட்டைகள் கைநழுவிப் போகும். முந்திக்கொண்டால் அவை முதிர்ந்திருக்காது. உள்ளூரில் சிகிச்சை எடுக்கும் பெண்ணுக்கு இது இரவில் அலாரம் வைத்து எழுந்து ஊசி போட்டுக்கொள்வதோடு முடியும். வெளிநாட்டுக்குப் போய் எடுப்பவருக்கோ விமான டிக்கெட், விசா, அறை வாடகை, இருவரின் அலுவலக விடுப்பு எல்லாம் இந்த ஒன்றரை நாளைச் சுற்றியே அமைய வேண்டும். அதற்கு முன் பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஊசி, இடையே மூன்று நான்கு ஸ்கேன். முட்டைகள் சரியாக வளரவில்லை என்று ஒன்பதாம் நாள் ஸ்கேனில் தெரிந்தால் அந்த ‘சைக்கிள்’, அதாவது அந்த முறைச் சிகிச்சை, அத்துடன் நிறுத்தப்படும். டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் போனதுதான்.

இவ்வளவு நெருக்கடியான ஒன்றை மொழி தெரியாத ஊரில் போய்ச் செய்துகொள்ள யாரும் ஆசைப்படுவதில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் பல்லாயிரம் தம்பதிகள் போகிறார்கள். அமெரிக்காவிலிருந்து செக் குடியரசுக்கு, ஜெர்மனியிலிருந்து ஸ்பெயினுக்கு, துருக்கியிலிருந்து வட சைப்ரஸுக்கு, சிங்கப்பூரிலிருந்து மலேசியாவுக்கு, இலங்கையிலிருந்து சென்னைக்கு. இதற்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் ‘கருத்தரிப்புச் சுற்றுலா’. எனக்கு இந்தச் சொல் பிடிக்கவில்லை. 2005ல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் ரொபெர்த்தோ மத்தோராஸ் இதற்கு மாற்றாக ‘நாடு கடத்தப்படுதல்’ என்ற பொருள் தரும் சொல்லை முன்வைத்தார். சொந்த நாடு கைவிட்டதால் போகிறவர்களைச் சுற்றுலாப் பயணிகள் என்பது அவர்களைப் புண்படுத்துவதாகும் என்பது அவர் வாதம். ‘விசேஷம் ஏதும் உண்டா?’ என்ற கேள்வியைக் கல்யாண வீடுதோறும் கேட்டுப் பழகிய நமக்கு அந்த வாதம் எளிதில் புரியும். இராமேசுவரத்தில் தீர்த்தமாடியவர்களையும் திருக்கருகாவூரில் நெய் வாங்கிவந்தவர்களையும் நாம் ஒருநாளும் சுற்றுலா போனவர்கள் என்று சொன்னதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2023 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கைப்படி, வயதுவந்தோரில் 17.5 சதவீதம் பேர், ஏறத்தாழ ஆறில் ஒருவர், வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார்கள். பணக்கார நாடுகளுக்கும் ஏழை நாடுகளுக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு சிகிச்சையில்தான். பெரும்பாலான நாடுகளில் அதன் செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது.

ஐரோப்பாவில் யார், ஏன் எல்லை தாண்டுகிறார்கள் என்பதை முறையாக ஆராய்ந்த முதல் பெரிய ஆய்வு 2010ல் வெளிவந்தது. மனித இனப்பெருக்கவியலுக்கான ஐரோப்பியச் சங்கத்துக்காக பிரான்ஸ்வாஸ் ஷென்ஃபீல்டும் அவருடைய குழுவினரும் பெல்ஜியம், செக் குடியரசு, டென்மார்க், ஸ்லோவேனியா, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து ஆகிய ஆறு நாடுகளின் 46 மருத்துவமனைகளில் 1,230 வெளிநாட்டு நோயாளிகளிடம் படிவம் நிரப்பி வாங்கினார்கள். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் இத்தாலியர். அடுத்து ஜெர்மானியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர். ஜெர்மானியரில் 80 சதவீதமும் இத்தாலியரில் 70 சதவீதமும் தங்கள் நாட்டுச் சட்டத்தையே காரணமாகக் காட்டினார்கள். பிரிட்டனிலிருந்து வந்தவர்களின் பதில் வேறாக இருந்தது. மூன்றில் ஒருவர், உள்ளூரில் சிகிச்சை கிடைப்பதே கடினம் என்றார். ஐரோப்பாவுக்குள் மட்டும் ஆண்டுக்கு 24,000 முதல் 30,000 சைக்கிள்கள் இப்படி எல்லை தாண்டி நடப்பதாக அந்த ஆய்வு மதிப்பிட்டது.

‘சட்டமா, காசா’ என்று இதை இரண்டாகப் பிரித்துவிடலாம் என்று தோன்றும். நெருங்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று நிற்கின்றன. ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். 1990ல் இயற்றிய கருப் பாதுகாப்புச் சட்டம் அங்கே கருமுட்டை தானத்தைத் தடைசெய்கிறது. விந்தணு தானத்துக்குத் தடையில்லை. பிறருடைய முட்டையை ஒரு பெண்ணின் உடலில் வைக்கும் மருத்துவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. நாஜிக் காலத்து மருத்துவக் கொடுமைகளின் நினைவு அந்த நாட்டுச் சட்டத்தை எச்சரிக்கையுடன் எழுதவைத்தது என்பது புரிகிறது. ஆயினும் 42 வயதில் முட்டை தீர்ந்துபோன பெண்ணுக்கு அந்தச் சட்டம் பிராக் நகருக்கு ரயில் ஏறு என்றுதான் சொல்கிறது. அதே நாட்டில், சொந்த முட்டையிலேயே சிகிச்சை எடுப்பவர்களுக்கு முன்பெல்லாம் காப்பீடு நான்கு முறை முழுச் செலவையும் ஏற்றது. 2004 முதல் மூன்று முறை மட்டும், அதிலும் பாதி. அதுவும் மணமான தம்பதிக்கு, பெண்ணுக்கு 25 முதல் 40 வயதுக்குள் இருந்தால். அந்த ஆண்டே ஜெர்மனியில் சைக்கிள்களின் எண்ணிக்கை சரிந்தது. குழந்தையின்மை அதே ஆண்டில் சரிந்திருக்காது. முடியாதவர்கள் சிகிச்சையை விட்டார்கள், முடிந்தவர்கள் மலிவான இடம் தேடினார்கள்.

அமெரிக்காவின் நிலை இன்னும் கடினம். ஒரு சைக்கிளுக்கு 15,000 முதல் 20,000 டாலர் வரை ஆகும். தானமாகப் பெறும் முட்டை என்றால் 30,000ஐயும் தாண்டும். காப்பீடு இதைத் தாங்குமா என்பது மாநிலத்தையும் முதலாளியையும் பொறுத்தது. ஆசிரியர், செவிலியர், லாரி ஓட்டுநர் போன்ற நடுத்தர வருமானக்காரர்கள் வீட்டை அடமானம் வைத்து ஒரு முறை முயல்வார்கள். தோற்றால் அடுத்த முறைக்கு வழியில்லை. இப்படிப்பட்டவர்கள் செக் குடியரசுக்குப் போன கதையை மானிடவியலாளர் ஏமி ஸ்பையர் 2016ல் ஒரு நூலாக எழுதினார். இடைத்தரகர்கள் விடுதி, கார், மருத்துவர் சந்திப்பு எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். விமானக் கட்டணத்தையும் சேர்த்து அமெரிக்கச் செலவில் பாதிகூட ஆவதில்லை. ஸ்பையர் சுட்டும் இன்னொன்று வெளிப்படையாகப் பேசப்படாதது. அந்தத் தம்பதிகள் வெள்ளையர். செக் நாட்டுக் கொடையாளிகளும் வெள்ளையர். மெக்ஸிகோ அருகிலேயே மலிவாக இருந்தும் அட்லாண்டிக்கைத் தாண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

செக் நாட்டில் ஏன் மலிவு? இந்தக் கேள்வியில் கொஞ்சம் நிற்க வேண்டும். மலிவு எல்லாமே ஒரே சரக்கில்லை.

அதில் ஒரு பகுதி நேர்மையான மலிவு. செக் நாட்டு மருத்துவம் இதில் நேற்று முளைத்ததில்லை. உலகத்தின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிரிட்டனில் 1978 ஜூலை 25ஆம் தேதி பிறந்த நான்கே ஆண்டுகளில், 1982ல், பர்னோ நகரில் லாடிஸ்லாவ் பில்கா தலைமையிலான குழு அந்தப் பகுதியின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பெற்றெடுக்க வைத்தது. கம்யூனிச ஆட்சியின் தட்டுப்பாட்டுக்குள் பழகிய கருவியல் வல்லுநர்கள் திறமையானவர்கள், அவர்களின் சம்பளம் மேற்கு ஐரோப்பாவைவிடக் குறைவு. கட்டட வாடகை குறைவு. வழக்குக்கு அஞ்சிக் கட்டும் காப்பீட்டுத் தொகை குறைவு. முட்டையைத் தூண்டும் அதே மருந்து, அதே தொழிற்சாலையில் செய்தது, அமெரிக்க மருந்துக்கடையில் ஐரோப்பிய விலையைப் போலப் பல மடங்கு. இப்படி வரும் மலிவில் யாருக்கும் இழப்பில்லை. சொல்லப்போனால் அமெரிக்க விலைதான் விளக்கம் கேட்கப்பட வேண்டியது.

இன்னொரு பகுதி வேறு வகை. செக் சட்டப்படி கருமுட்டைக் கொடையாளியின் பெயர் யாருக்கும் தெரியாது, பிறக்கும் குழந்தைக்கும்தான். அடையாளம் மறைக்கப்படும் இடத்தில் கொடையாளிகள் எளிதில் கிடைப்பார்கள், காத்திருப்புப் பட்டியல் சுருங்கும், சிகிச்சை மலியும். அப்படிக் குறையும் செலவைத் தாங்குவது இன்னும் பிறக்காத ஒருவர். முட்டை கொடுக்கும் பெண்ணும் அதில் ஒரு பங்கைத் தாங்குகிறார். அதே பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி அவருக்கும் உண்டு. மயக்க மருந்து உண்டு. சினைப்பைகள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. சிகிச்சை பெறும் பெண் குழந்தைக்காக இதைப் பொறுத்துக்கொள்கிறார். கொடையாளி எதற்காக?

இதற்கு அனுமானத்தில் பதில் சொல்லக் கூடாது. அதே ஐரோப்பியச் சங்கம் 11 நாடுகளின் கொடையாளிகளைக் கேட்டு 2014ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஏறத்தாழப் பாதிப் பேர் பிறருக்கு உதவவே என்றார்கள். மூன்றில் ஒருவர் உதவியும் பணமும் சேர்ந்து என்றார். பணத்துக்காக மட்டும் என்றவர்கள் பத்தில் ஒருவர். ஆகவே எல்லாக் கொடையாளிகளையும் ஏமாற்றப்பட்ட ஏழைகள் என்று எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி. பிரிட்டன் ஒரு முறைக்கு ஆயிரம் பவுண்டுக்குச் சற்றுக் குறைவாகத் தருகிறது. ஐரோப்பாவிலேயே கருமுட்டை தானம் மிக அதிகமாக நடக்கும் ஸ்பெயினும் தொகை தருகிறது. ஒரு பெண்ணின் நேரத்துக்கும் வலிக்கும் பணம் தருவதை நான் தவறென்று நினைக்கவில்லை. அவர் எத்தனை முறை கொடுத்தார் என்பதைக் கணக்கில் வைக்க யாரும் இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஒரு நாட்டின் வரம்பு அடுத்த நாட்டின் எல்லையில் காலாவதியாகிறது.

விந்தணுவில் இது எங்கே கொண்டுபோய்விடும் என்பதை 2025 காட்டியது. டென்மார்க்கில் ஒருவர் கொடுத்த விந்தணுவில் ஒரு பகுதி, புற்றுநோய்க்கு வழிவிடும் மரபணு மாற்றத்தைக் கொண்டிருந்தது. வழக்கமான பரிசோதனையில் தெரியும் வகையில்லை அது. மே மாதம் 67 குழந்தைகள் என்று மருத்துவ மாநாட்டில் சொல்லப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் ஐரோப்பிய ஒலிபரப்பு நிறுவனங்கள் சேர்ந்து துருவியபோது குறைந்தது 197 குழந்தைகள் என்றானது. சில குழந்தைகள் இறந்தும்விட்டன. ஒரு கொடையாளிக்கு இத்தனை குடும்பம் என்று நாட்டுக்கு நாடு வரம்பு உண்டு. எல்லா நாட்டையும் கூட்டிப் பார்க்கும் வரம்பு எங்கும் இல்லை.

நம் ஊரிலும் இதன் இன்னொரு முகம் தெரிந்தது. 2022 ஜூனில், ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் கருமுட்டைகளைப் பெற்ற தாயே தரகர் வழியாக விற்றுவந்தது அம்பலமானது. ஆதார் அட்டையில் வயதைத் திருத்தி, தமிழ்நாட்டிலும் பக்கத்து மாநிலங்களிலும் உள்ள மருத்துவமனைகளுக்குப் பல தடவை அவளை அழைத்துப் போயிருந்தார்கள். அந்த முட்டைகளைப் பெற்ற தம்பதிகள் அவை யாருடையவை என்பதை இனி அறியப்போவதில்லை. ‘நல்ல, படித்த, ஆரோக்கியமான கொடையாளி’ என்றே அவர்களிடம் சொல்லியிருப்பார்கள்.

அதே 2022 ஜனவரியில்தான் இந்தியாவில் இனப்பெருக்க உதவித் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. கொடையாளிப் பெண் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது, அவருக்கு 12 மாதக் காப்பீடு எடுக்க வேண்டும், ஒருவருடைய முட்டை ஒரு தம்பதிக்கு மட்டுமே. உலகத்தின் கடுமையான விதிகளில் இவையும் அடங்கும். மருத்துவர்கள் பலர் ஏழு என்ற எண்ணை எதிர்க்கிறார்கள். எத்தனை முட்டை வளரும் என்று முன்கூட்டியே யாரும் சொல்ல முடியாது, வளர்ந்ததை எடுக்காமல் விடுவதும் ஆபத்து என்கிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. வாழ்நாளில் ஒரு முறை என்ற விதி மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தளரக் கூடாது என்பது என் எண்ணம். ஈரோட்டுச் சிறுமிக்குப் பிறகு அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இந்தியா வெளிநாட்டவர் தேடிவரும் நாடாக ஆனதற்கும் ஒரு வரலாறு உண்டு. லூயிஸ் பிரவுன் பிறந்த 70 நாட்களில், 1978 அக்டோபர் 3 அன்று, கொல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. சொற்ப வசதிகளை வைத்துக்கொண்டு அவர் கருவை உறைய வைத்துப் பயன்படுத்தியிருந்தார். அன்றைய அதிகாரிகள் அவரை நம்பவில்லை. ஜப்பானில் போய்த் தன் ஆய்வை விளக்கவும் அனுமதிக்கவில்லை. 1981ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். மும்பையில் 1986ல் பிறந்த குழந்தையே நெடுங்காலம் நாட்டின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையாகப் பதிவாகியிருந்தது. சென்னையில் கமலா செல்வராஜின் மருத்துவமனையில் தென்னிந்தியாவின் முதல் குழந்தை 1990ல் பிறந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் சென்னை, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் டாக்காவிலும் உள்ள தம்பதிகளுக்குத் தெரிந்த முகவரியாகிவிட்டது.

இலங்கைத் தமிழர் சென்னைக்கு வருவதற்கு விலை மட்டும் காரணமில்லை. டாக்டரிடம் தாய்மொழியில் பேசலாம். மாதவிலக்குக் கணக்கையும் படுக்கையறைப் பேச்சையும் மொழிபெயர்ப்பாளர் முன்னால் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவமனைக்குப் பக்கத்தில் மாத வாடகை அறை எடுத்து, இரண்டு பாத்திரம் வாங்கி, சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு மூன்று வாரம் இருப்பார்கள். ஊரில் கேட்டவர்களுக்குக் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். லண்டன், டொரொன்டோ தமிழருக்கு வேறொரு காரணமும் சேர்கிறது. பிரிட்டனில் தெற்காசியக் கருமுட்டைக் கொடையாளிகள் மிகக் குறைவு. தங்கள் சாயலில் ஒரு குழந்தை வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். செக் நாட்டைத் தேடிப்போன அமெரிக்கரின் ஆசையும் இதுவேதான். அங்கே நிறவெறி என்றும் இங்கே பாசம் என்றும் நாம் பிரித்து எழுதினால் நேர்மையாகாது.

சட்டம் மாறியதும் பயணப் பாதையும் மாறும் என்பதற்கு வாடகைத்தாய் முறையே பெரிய சான்று. குஜராத்தின் ஆனந்த் நகர் ஒருகாலத்தில் இதற்கு உலகப் பெயர் பெற்றிருந்தது. 2008ல் ஒரு ஜப்பானியத் தம்பதி, அங்கே வாடகைத்தாய் சுமந்த தங்கள் குழந்தை பிறக்குமுன்பே பிரிந்துவிட, அந்தக் குழந்தையின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015ல் இந்தியா வெளிநாட்டவருக்குக் கதவை அடைத்தது. அதே ஆண்டு தாய்லாந்தும் நேபாளமும் அடைத்தன. 2016ல் கம்போடியா. தொழில் உக்ரைனுக்கும் ஜார்ஜியாவுக்கும் நகர்ந்தது. 2020 மே மாதம் ஊரடங்கில் கீவ் நகர விடுதி ஒன்றில் பெற்றோர் வர முடியாமல் வரிசைத் தொட்டில்களில் கிடந்த குழந்தைகளை உலகமே பார்த்தது. இத்தாலி 2024ல் ஒரு படி மேலே போய், வெளிநாட்டில் வாடகைத்தாய் வழியாகக் குழந்தை பெற்றாலும் குற்றம் என்றது. துருக்கி 2010லேயே கொடை முட்டைக்காகவும் கொடை விந்தணுவுக்காகவும் வெளிநாடு போவதைத் தடுத்து விதி செய்திருந்தது. துருக்கியர் இன்றும் வட சைப்ரஸுக்குப் போய்வருகிறார்கள்.

மத நம்பிக்கையும் பாதை போடும். எகிப்தின் அல்அஸ்ஹர் 1980ல் அளித்த ஃபத்வா, கணவன் மனைவிக்குள் சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு செய்வதை ஏற்றது, மூன்றாமவரின் முட்டையையோ விந்தணுவையோ மறுத்தது. சுன்னி நாடுகள் பெரும்பாலும் அதையே பின்பற்றின. ஈரானில் 1999ல் ஆயத்துல்லா காமெனேயி கொடையை அனுமதித்தார். வளைகுடா நாடுகளிலிருந்தும் தம்பதிகள் தெஹ்ரானுக்குப் போனார்கள். சிங்கப்பூரில் மருத்துவக் காரணம் இல்லாமல் முட்டையை உறைய வைக்க 2023 ஜூலை வரை அனுமதி இல்லாததால் பெண்கள் மலேசியாவுக்கும் பாங்காக்குக்கும் போனார்கள். இப்போது அனுமதி உண்டு, 21 முதல் 37 வயது வரை. ஆனால் அந்த முட்டையைப் பயன்படுத்தக் கழுத்தில் தாலியோ விரலில் மோதிரமோ வேண்டும்.

மலிவைப் பற்றிப் பேசும்போது வெளியே தெரியாத ஒரு செலவு இருக்கிறது. எத்தனை கருவைக் கருப்பையில் வைப்பது என்பதில்தான் அது ஒளிந்திருக்கிறது. கைக்காசில், ஒரே ஒரு பயணமாக வந்த தம்பதி, ‘இரண்டு மூன்று வையுங்கள் டாக்டர், மறுபடி வர முடியாது’ என்று கெஞ்சுவார்கள். வெற்றி விகிதத்தை விளம்பரத்தில் போட வேண்டிய மருத்துவமனையும் மறுக்காது. இரட்டை, மூன்று குழந்தை என்பது கேட்க ஆசையாக இருக்கும். நடப்பில் அது குறைப்பிரசவம், கண்ணாடிப் பெட்டிக்குள் வாரக்கணக்கில் கிடக்கும் ஒரு கிலோக் குழந்தைகள், தாய்க்கு ரத்த அழுத்தம். லண்டனின் ஒரு பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை 11 ஆண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்த்து 2009ல் வெளியிட்டது. அங்கே பார்க்கப்பட்ட, மூன்றும் அதற்கு மேலும் கருக்கள் கொண்ட கர்ப்பங்களில், விவரம் தெரிந்தவற்றில் நான்கில் ஒன்று வெளிநாட்டுச் சிகிச்சையால் உண்டானது. வெளிநாட்டு மருத்துவமனை பணத்தை வாங்கிக்கொண்டது, பிரசவத்தையும் பச்சிளங்குழந்தைப் பிரிவையும் பிரிட்டனின் வரிப்பணம் தாங்கியது.

இதற்கு மறுபக்கம் பெல்ஜியம். பிரஸ்ஸல்ஸ் நகரில்தான் 1992ல் ஒற்றை விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் முறை முதலில் பலித்தது. அந்த நாடு 2003ல் ஒரு பேரம் பேசியது. ஆறு சைக்கிள் வரை ஆய்வகச் செலவை அரசு ஏற்கும், பெண்ணுக்கு 43 வயதாகும் வரை. பதிலுக்கு எத்தனை கரு வைப்பது என்பதை அரசு சொல்லும். 36 வயதுக்குக் கீழே முதல் முறை ஒரே ஒரு கரு. அடுத்த முறைக்குப் பணம் உண்டு என்று தெரிந்ததும் தம்பதிகளின் கெஞ்சல் நின்றது. இரட்டைப் பிள்ளைகளின் பங்கு முன்பிருந்ததில் பாதிக்கும் கீழாக இறங்கியது. பச்சிளங்குழந்தைப் பிரிவில் மிச்சமான பணமே சிகிச்சைச் செலவுக்கு ஈடுகொடுத்தது. நான் படித்த எல்லாவற்றிலும் எனக்கு நம்பிக்கை தந்தது இதுதான். சிகிச்சையை மக்களுக்கு எட்டச்செய்தால் அது பாதுகாப்பாகவும் ஆகும். ஸ்காட்லாந்து மூன்று சைக்கிள் தருகிறது. அதே தேசிய சுகாதாரச் சேவையின் கீழ் இங்கிலாந்தில் பல பகுதிகள் ஒன்றே தருகின்றன, 2013ல் வந்த அரசு வழிகாட்டுதல் 40 வயதுக்குக் கீழே மூன்று என்று சொல்லியும்கூட. உலகத்தின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்த நாட்டில் தபால் முகவரியே பிள்ளைப் பாக்கியத்தைத் தீர்மானிக்கிறது. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் இப்போது செயற்கைக் கருத்தரிப்பு மையம் திறந்திருக்கிறார்கள். அங்கே வரும் பெண்களின் எண்ணிக்கையைப் பார்த்தாவது மாவட்டத்துக்கு ஒன்று என்று அரசு எண்ணத் தொடங்க வேண்டும். லட்சக்கணக்கில் வட்டிக்கு வாங்கித் தனியாரிடம் போகிற குடும்பங்கள் நம் தெருவிலேயே இருக்கின்றன.

போகத் தீர்மானித்தவர்களுக்குச் சில உண்மைகளைச் சொல்லியாக வேண்டும். மருத்துவமனை விளம்பரத்தில் ‘65 சதவீத வெற்றி’ என்று இருந்தால், எதில் 65 என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனவர்களா, ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்தவர்களா, குழந்தையைக் கையில் வாங்கியவர்களா? மூன்றுக்கும் இடையில் பெரிய இடைவெளி உண்டு. சைக்கிளைத் தொடங்கிய எல்லாரையும் கணக்கில் சேர்த்தார்களா, கரு வைக்கும் கட்டம் வரை வந்தவர்களை மட்டுமா? கொடை முட்டையில் பெற்ற வெற்றியையும் சொந்த முட்டையில் பெற்றதையும் ஒன்றாகக் கலந்தார்களா? பிரிட்டனின் ஒழுங்குமுறை ஆணையக் கணக்கில், சொந்த முட்டையிலிருந்து வைத்த ஒரு கரு குழந்தையாகப் பிறக்கும் வாய்ப்பு 35 வயதுக்குக் கீழே ஏறத்தாழ மூன்றில் ஒன்று. 43, 44 வயதில் இருபதில் ஒன்று. எந்த நாட்டுக்குப் பறந்தாலும் முட்டையின் வயது குறையாது. 43 வயதுப் பெண்ணிடம் சொந்த முட்டைக்கே பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடலாம். கருப்பையின் உட்சுவரை லேசாகச் சுரண்டினால் கரு ஒட்டும் என்று பல நாடுகளில் தனிக் கட்டணம் வாங்கினார்கள். 2019ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று அதனால் பயனில்லை என்று காட்டியது. சினைப்பை வீக்கம் முட்டை எடுத்துச் சில நாள் கழித்தும் முற்றலாம். விமானத்திலிருந்து இறங்கிய இரவு வயிறு உப்பி மூச்சு முட்டினால் யாரைக் கூப்பிடுவது என்பதைப் புறப்படும் முன்பே உள்ளூர் மருத்துவர் ஒருவரிடம் பேசிவைக்க வேண்டும். எந்த மருந்து, எத்தனை அலகு, எத்தனை முட்டை, எத்தனை கரு மிச்சம், எங்கே உறைந்திருக்கிறது என்ற முழுக் கோப்பையும் கையில் வாங்காமல் ஊர் திரும்பக் கூடாது. மிச்சக் கருவைப் பிறகு கொண்டுவரலாம் என்று விட்டுவருவோர் உண்டு. இந்தியாவிலிருந்து கருவை வெளியே கொண்டுபோகச் சொந்தப் பயன்பாட்டுக்கே தேசிய வாரியத்தின் அனுமதி தேவை.

இத்தனைக்குப் பிறகும் எனக்கு விடை கிடைக்காத ஒரு கேள்வி, குழந்தையினுடையது. ஸ்வீடன் 1985லேயே கொடையில் பிறந்தவருக்குக் கொடையாளியை அறியும் உரிமை தந்தது. பிரிட்டன் 2005 ஏப்ரல் 1 முதல் அடையாளம் மறைத்த தானத்தை நிறுத்தியது. அந்தச் சட்டத்தின் கீழ் பிறந்தவர்களில் முதல் பிள்ளைகளுக்கு 2023 இறுதியில் 18 வயது ஆனது. அவர்கள் ஆணையத்துக்கு எழுதிக் கேட்டால் பெயரும் கடைசியாகத் தெரிந்த முகவரியும் கிடைக்கும். நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன். ஆனால் சட்டம் வந்ததும் கொடையாளிகளுக்கான காத்திருப்பு நீண்டது, தம்பதிகள் ஸ்பெயினுக்கும் செக் நாட்டுக்கும் போனார்கள், அங்கே பெற்ற பிள்ளைகளுக்கு அந்த உரிமை இல்லை. ஒரே தெருவில், ஒரே பள்ளியில், ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். ஒருவருக்குத் தன் மூலத்தை அறிய அரசு அலுவலகம் இருக்கிறது. மற்றவரிடம், பர்னோவிலிருந்து பெற்றோர் பத்திரமாகக் கொண்டுவந்த ஒரு தாள் இருக்கிறது. அதில் கொடையாளியின் வயது, உயரம், ரத்தப் பிரிவு, கண்ணின் நிறம், படிப்பு என்று ஐந்து வரிகள்.